டைபோல் ஆன்டெனாவுக்கு எந்தப் பக்கம் காது கேட்காது?

இரண்டு கம்பிகளால் ஆன எளிய டைபோல் ஆன்டெனா எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அலையை வீசுவதில்லை. எங்கே வீசாது என்பதை மொட்டை மாடியில் நின்றே கண்டுபிடிக்கலாம். ஒரு திசையில் சரியாக வாங்காத ஆன்டெனா அந்தத் திசையில் சரியாக அனுப்பவும் அனுப்பாது. அதனால் டிரான்ஸ்மிட்டர் வேண்டாம், எஃப்எம் ரேடியோ போதும். வெளி ஆன்டெனா செருகும் வசதி உள்ளதாகப் பாருங்கள்.

படி 1: 143-ஐ நிலையத்தின் மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் ஆன்டெனாவின் நீளம் மீட்டரில் வரும். 100 மெகாஹெர்ட்ஸுக்கு 1.43 மீட்டர். செம்புக் கம்பியை 71.5 செ.மீ. வீதம் இரண்டாக வெட்டுங்கள்.

படி 2: இரண்டையும் பிவிசி குழாயில் ஒரே நேர்கோட்டில் கட்டுங்கள், நடுவில் ஒரு விரல் இடைவெளி. கேபிள் டிவிக்குப் போடும் 75 ஓம் ஒயரின் நடுக்கம்பியை ஒன்றிலும் வெளிவலையை மற்றதிலும் இணையுங்கள். இணைப்புக்குப் பக்கத்திலேயே ஒயரை ஐந்தாறு சுற்று சுற்றிக் கட்டிவிடுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். விட்டால் ஒயரே ஆன்டெனாவாகி, சோதனையைக் கெடுத்துவிடும்.

படி 3: லேசாக இரையும் தொலைதூர நிலையம் ஒன்றைப் பிடியுங்கள். உள்ளூர் நிலையம் உதவாது; எஃப்எம்மில் சிக்னல் பாதியானாலும் சத்தம் குறையாது, இரைச்சல் கூடுவதுதான் அடையாளம். இப்போது குழாயைத் தரைக்கு இணையாகப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். நிலையத்துக்குக் குறுக்காக இருக்கும்போது நன்றாகக் கேட்கும். 20 டிகிரி திருப்பினாலும் பெரிய மாற்றம் தெரியாது. 45-இல் சக்தி சுமார் 40 சதவீதம்தான். முனை நிலையத்தை நோக்கும்போது வெறும் இரைச்சல். திருப்பியும் மாற்றமே இல்லையென்றால் வேறு நிலையம் பாருங்கள். சுவர்களில் பட்டுத் திரும்பும் அலையும் குழப்பும்.

காரணம் எளிது. எலக்ட்ரான்கள் கம்பியின் நீளவாக்கில் முன்னும் பின்னும் ஓடுகின்றன. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அந்த ஆட்டம் முழுதாகத் தெரியும். முனையிலிருந்து பார்த்தால் குறுக்கசைவே இல்லை. அலை பிறப்பது குறுக்கசைவால்தான். எல்லாத் திசையையும் வரைந்தால், கம்பியைத் துளையில் கோத்த உளுந்து வடை கிடைக்கும். முனைப்பக்கம் போகாத சக்தி பக்கவாட்டில் சேர்வதால், எல்லாப் பக்கமும் சமமாக வீசும் கற்பனை ஆன்டெனாவைவிட அங்கே 1.64 மடங்கு கிடைக்கிறது.

படி 4: ஒன்றரை மீட்டர் அலுமினியக் கம்பி ஒன்றை, எதிலும் இணைக்காமல், டைபோலுக்கு 60 செ.மீ. பின்னால் இணையாகக் கட்டுங்கள். இனி முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. 1926-இல் ஜப்பானின் தொஹோக்கு பல்கலைக்கழகத்தில் யாகியும் உடாவும் வெளியிட்ட ஆன்டெனாவின் முதல் பாதி இது. டைபோலுக்கு முன்னால் சற்றுக் குட்டையான கம்பியையும் கட்டினால் மீதியும் முடிந்தது.