நாற்பதில் ஓட ஆரம்பிக்கிறீர்களா? முதலில் வேகத்தைக் குறையுங்கள்

நாற்பதை ஒட்டிய வயதில் திடீரென்று ஓட வேண்டும் என்று தோன்றுவது இப்போது சகஜமாகிவிட்டது. சர்க்கரை ஏறிக்கொண்டு வருகிறது என்று டாக்டர் சொல்லியிருப்பார், இல்லையென்றால் ஆபீஸில் யாரோ மெடலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாட்ஸ்அப்பில் போட்டோ போட்டிருப்பார். காரணம் எதுவானாலும் முக்கால்வாசிப் பேர் செய்வது ஒன்றுதான். ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டே நினைப்பில் முதல் நாளே பாய்ந்து, இரண்டாவது நிமிடத்தில் மூச்சு முட்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று, "நமக்கெல்லாம் இது சரிப்படாது" என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

சரிப்படும். நடக்கிறவர் உங்களை முந்திப் போனாலும் பரவாயில்லை என்கிற வேகத்தில் ஓடினால் சரிப்படும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. பிபி, சர்க்கரை இருந்தாலோ, வீட்டில் யாருக்காவது சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தாலோ, டாக்டரைப் பார்த்து விஷயத்தைச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். ஓடும்போது நெஞ்சை அழுத்தினால், தலை சுற்றினால், அன்றைக்கு ஓட்டம் அதோடு முடிந்தது. நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம், வாரத்துக்கு மூன்று நாள், அரை மணி நேரம். ஐந்து நிமிடம் விறுவிறுவென்று நடை, பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, மாற்றி மாற்றி. நடப்பதைக் கேவலமாக நினைக்காதீர்கள். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே என்ற அமெரிக்கர்தான் இப்படி ஓட்டத்துக்கு நடுவே நடையைச் சேர்க்கும் முறையைப் பிரபலமாக்கியவர், மாரத்தான் முழுவதையுமே இப்படி முடிக்கிறவர்கள் ஏராளம். வாரங்கள் போகப் போக ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறையுங்கள். வேகம் சரியா என்று பார்க்க வாட்ச் எல்லாம் வேண்டாம். பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா, சரியான வேகம். "ம்", "ஆமா" மட்டும்தான் வருகிறதென்றால் குறையுங்கள்.

இவ்வளவு மெதுவாக ஏன் என்பதைத்தான் பலர் சொல்லித் தருவதில்லை. மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே பழகிவிடும். தசைநாணும் எலும்பும் அப்படியில்லை, அவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால் இரண்டாவது மாதம்தான் ஆபத்தான மாதம்: மூச்சு வாங்காது, உற்சாகம் பொங்கும், தினமும் ஓடலாம் போலிருக்கும், அந்த நேரத்தில்தான் குதிகாலுக்கு மேலேயும் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பிலும் வலி கிளம்பும். கெண்டைக்கால் பொதுவாகப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தால் இரண்டு நாள் ஓய்வில் போய்விடும். விரலால் எலும்பை அழுத்தும்போது ஒரே ஒரு புள்ளியில் சுரீரென்று வலித்தால் அது எலும்பில் விழுந்த நுண்விரிசலாக இருக்கலாம், தைலம் தேய்த்துக்கொண்டு ஓடாதீர்கள்.

ஷூவுக்குச் செலவு செய்யுங்கள், மற்ற சாமான்கள் எதற்கும் அவசரமில்லை. விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நகம் கறுத்துப்போகும். தொடை உரசும் இடத்தில் வாஸலைன் தடவிக்கொள்ளுங்கள். தடவாமல் ஓடிவிட்டு வந்து குளிக்கும்போது முதல் சொம்புத் தண்ணீரிலேயே ஏன் சொன்னேன் என்று புரியும்.

சென்னை மாதிரி கடலோர ஊர்களில் வெயிலைவிடப் புழுக்கம்தான் எதிரி. காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை காயாது, காயாவிட்டால் உடம்பு குளிராது. மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் விடியும் முன்பே ஆட்கள் ஓடுவது அதனால்தான். மே மாதத்தில் டைமிங் மோசமானால் கவலைப்படாதீர்கள், வேகத்தை ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் தண்ணீரோடு உப்பும் உள்ளே போக வேண்டும். உப்பு போட்ட மோரோ எலுமிச்சை ஜூஸோ போதும். தாகத்துக்கு மீறி வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம் வரை போகும். தெருநாய் துரத்தினால் ஓடாதீர்கள், நடங்கள். எவ்வளவு பயிற்சி இருந்தாலும் அதை முந்த முடியாது.

அரை மணி நேரம் நிற்காமல் ஓட வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை லாங் ரன்னை, அதாவது வழக்கத்தைவிட நீளமான ஓட்டத்தை, சேர்த்துக்கொள்ளுங்கள், வாராவாரம் கொஞ்சம் நீட்டி, நான்காவது வாரம் குறைத்துக்கொண்டு. மாற்றம் தெரிவது இங்கேதான். எடை அவ்வளவாகக் குறையாது, அதை நம்பி வராதீர்கள், ஓடிவிட்டு வந்து தின்னும் பூரி கணக்கு அப்படி. ஆனால் சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குத் தூக்கம் தானாக வரும். சலிப்பாக இருக்கும் ஒரு வேலையில் போன் இல்லாமல் இரண்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் பழக்கம் வரும். கடைசியாக வருவதில் கூச்சம் போய்விடும், நடுத்தர வயதில் அது சின்ன விஷயமில்லை. பஞ்சாபிலிருந்து இங்கிலாந்துக்குப் போய் வாழ்ந்த ஃபௌஜா சிங், பாஸ்போர்ட் கணக்குப்படி 89 வயதில், 2000-ஆம் ஆண்டு லண்டன் மாரத்தானை 6 மணி 54 நிமிடத்தில் முடித்தார். 2011-இல் நூறு வயதில் டொராண்டோவில் ஓடினார். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ் அதைச் சேர்க்கவில்லை, அவர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார்.

அரை மாரத்தானுக்கு, அதாவது 21.1 கிலோமீட்டருக்கு, பெயர் கொடுப்பதற்கு ஒரு வருடமாவது எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் புது ஷூ, புது சாக்ஸ், புது சாப்பாடு எதுவும் வேண்டாம். கூட்டத்தின் பின்வரிசையில் நின்று கிளம்புங்கள், முதல் மூன்று கிலோமீட்டரில் எல்லோரும் உங்களை முந்தட்டும், பாதிப் பேரைப் பதினைந்தாவதில் பார்ப்பீர்கள். மறுநாள் மாடிப்படி ஏறிவிடலாம், இறங்குவதுதான் கஷ்டம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கிப் பாருங்கள், வலி குறைவாக இருக்கும்.