முன்கை எலும்பு சேரவில்லையா? செய்ய வேண்டியவை

மாவுக்கட்டுப் பிரித்து வாரங்கள் கடந்த பின்பும் முன்கையில் வலி நீடித்தாலோ, வலி நின்றும் கை சரிவரத் திரும்பாவிட்டாலோ, போகப் போகச் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். முன்கையில் உள்ள ரேடியஸ், அல்னா என்ற இரண்டு எலும்புகளில் ரேடியஸ் அல்னாவின் மேல் உருள்வதால்தான் உள்ளங்கை மேலும் கீழும் திரும்புகிறது. எலும்பு சேராமலே நிற்பதும் கோணலாகச் சேர்ந்துவிடுவதும் தனித்தனிக் குறைகள். வைத்தியமும் வேறு வேறு.

முதலில் வீட்டிலேயே ஒன்றைப் பாருங்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டி மடக்கி, கைக்கொரு பேனாவை நட்டமாகப் பிடித்து, இருபுறமும் திருப்பி ஒப்பிடுங்கள். ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 50 பாகை சாய்ந்தால் அன்றாட வேலைகள் பெரும்பாலும் நடந்துவிடும். உள்ளங்கை கீழ்நோக்கித் திரும்பாத குறையைத் தோளை விரித்துச் சமாளிக்கலாம். மேல்நோக்கித் திரும்பாவிட்டால் அந்தச் சலுகை இல்லை, கோயிலில் திருநீறு வாங்கக்கூடக் கை ஏந்தாது.

கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ செல்லும்போது, முதல் நாள் எடுத்ததிலிருந்து எல்லா எக்ஸ்ரே படங்களையும், டிஸ்சார்ஜ் சம்மரியையும் கொண்டு செல்லுங்கள். ஒரே ஒரு புதிய படத்தைவிட, மாத வரிசையில் வைத்துப் பார்க்கும் பழைய படங்களே எலும்பு வளர்கிறதா, அப்படியே நிற்கிறதா என்பதைக் காட்டும். புதிய படம் இரண்டு கோணங்களில், முழங்கையும் மணிக்கட்டும் சேர்ந்து தெரியும்படி இருக்க வேண்டும். ஒற்றை எலும்பு மட்டும் முறிந்தவர்களுக்கு அருகிலுள்ள மூட்டு விலகியிருப்பது பல நேரம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ஆறு மாதமாகியும் சேராவிட்டால், அது பொதுவாகச் சேராத முறிவாகவே கருதப்படும்.

முன்பு அறுவையில் பொருத்திய பிளேட் (உலோகத் தகடு) தளர்வது, உள்ளே சீழ் பிடிப்பது, சர்க்கரை நோய், பீடி, சிகரெட் ஆகியவை எலும்பு சேராததற்கு முக்கியக் காரணங்கள். ஆகவே மறு அறுவைக்கு முன் இஎஸ்ஆர், சிஆர்பி (இவ்விரண்டும் உள்ளே சீழ், அழற்சி இருக்கிறதா என்பதற்கான அறிகுறி தருபவை), சர்க்கரை, வைட்டமின் டி ஆகிய ரத்தப் பரிசோதனைகள் செய்யப்படுகின்றனவா என்று தயங்காமல் கேளுங்கள். சேராத எலும்பின் முனைகளைச் சுத்தம் செய்து, தேவைப்பட்டால் இடுப்பிலிருந்து எலும்புத் துண்டு எடுத்து வைத்து, புதிய பிளேட் பொருத்துவார்கள். சீழ் இருந்தால் முதலில் அதை அகற்றியாக வேண்டும். கோணலாகச் சேர்ந்ததை வெட்டி நேராக்குவார்கள். எண்ணெய் விட்டு உருவி மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவதால் இவற்றில் எதுவும் நடக்காது. கட்டு இறுகி, விரலை நிமிர்த்தும்போது வலி தாங்க முடியாமல் போனாலோ மரத்துப் போனாலோ, உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

அறுவைக்குப் பின் விரல்களை முதல் நாளிலிருந்தே மடக்கி நீட்டலாம். குடம் தூக்குவதும், படகில் வலை இழுப்பதும், பைக் ஓட்டுவதும் எலும்பு சேர்ந்ததை எக்ஸ்ரே காட்டி, மருத்துவர் அனுமதித்த பிறகுதான்.