மாமரத்துப் புல்லுருவியை இழுத்துப் பிய்த்தால் போகாது

பாலக்காடு மாவட்டத்தில் முதலமடை, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் காய் பறித்து முடித்த கையோடு செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, மரக்கிளையில் ஒட்டுண்ணியாக வளரும் புல்லுருவிச் செடியை எடுப்பது. குத்தகைக்கு விட்ட தோப்புகளில் இது பெரும்பாலும் நடப்பதே இல்லை. குத்தகைக்காரருக்கு இந்த வருடக் காய்தான் கணக்கு, மரம் பிற்பாடு என்ன ஆனால் அவருக்கென்ன!

முதலில் புல்லுருவி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மாமரம் மொத்தமாக இலை உதிர்க்காது, அதனால் பச்சையோடு பச்சையாக ஒளிந்திருக்கும். இலை மாவிலை மாதிரி நீளமாக இருக்காது, தடித்து, லேசாகச் சாம்பல் பூத்த பச்சையில் இருக்கும். பூ குழல் போல நீண்டு ஆரஞ்சு நிறத்தில் வரும். ஒட்டிய இடத்தில் கிளை கட்டி கட்டியாக வீங்கி, அதற்கு அப்பால் இருக்கும் நுனி மெலிந்து காய்ந்துகொண்டிருக்கும். மரத்தின் மேல் வளர்வதெல்லாம் ஒட்டுண்ணி என்று நினைத்து ஆர்கிட், பாசி எல்லாவற்றையும் சுரண்டிவிடாதீர்கள், அவை பட்டை மேல் சும்மா உட்கார்ந்திருக்கின்றன, மழைநீரிலேயே பிழைத்துக்கொள்ளும்.

புல்லுருவி சங்கதி வேறு. இலையில் பச்சையம் இருப்பதால் மாவுச்சத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும், ஆனால் மண்ணில் வேர் கிடையாது, தண்ணீருக்கும் தாது உப்புக்கும் எங்கே போகும்? பட்டையைத் துளைத்து உறிஞ்சுவேரை உள்ளே விட்டு, மரம் தண்ணீர் ஏற்றுகிற குழாய்களோடு நேராக இணைத்துக்கொள்கிறது, மெயின் பைப்பில் திருட்டு கனெக்ஷன் போடுவது மாதிரிதான். மாவிலையைவிட அதிகமாக அது நீரை ஆவியாக்குவதால் தண்ணீரும் அந்தப் பக்கமே இழுபடும். கோடையில் மரம் வாடும்போதும் அந்தக் கொத்து மட்டும் செழிப்பாக நிற்பது இதனால்தான். (ஒட்டுண்ணி என்றாலே திட்டவும் முடியாது. இடுக்கி மாவட்டத்து மறையூரில் அத்தனை காவலோடு நிற்கிற சந்தனமும் பக்கத்து மர வேரில் உறிஞ்சித்தான் வளர்கிறது, அதனால்தான் சந்தனக் கன்றோடு துவரையையும் சேர்த்து நடச் சொல்கிறார்கள்.)

இப்போது புரிந்திருக்கும், இலையையும் தண்டையும் இழுத்துப் பிய்த்தால் மரத்துக்குள் இருக்கிற வேர் அப்படியே இருக்கும், மறுபடி துளிர்க்கும். கிளையையே எடுக்க வேண்டும். ஒட்டிய இடத்திலிருந்து அடிமரத்தை நோக்கி ஒரு அடியாவது தள்ளி, ரம்பத்தால் அறுங்கள். அரிவாளால் கொத்தினால் பட்டை கிழியும். சில சமயம் பட்டையின் மேலேயே கொடி போல வேர் ஓடி வேறு இடத்திலும் உள்ளே இறங்கியிருக்கும், அதையும் பார்த்துவிட்டு அறுங்கள். அடிமரத்திலோ பெரிய கிளையிலோ ஒட்டியிருந்தால் அறுக்க முடியாது, உளியால் வீக்கத்தைச் செதுக்கி எடுக்க வேண்டியதுதான், அப்போதும் துளிர்த்தால் அடுத்த வருடம் மறுபடி செதுக்கணும்.

அறுத்த காயத்தில் பூஞ்சாணம் பிடிக்காமல் இருக்க போர்டோ பசை பூசுங்கள். 1 கிலோ மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 5 லிட்டர் தண்ணீரிலும் 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை 5 லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் மூன்றாவது பாத்திரத்தில் ஊற்றிக் கலக்குங்கள். பிளாஸ்டிக் வாளிதான், இரும்பு வேண்டவே வேண்டாம். துருவில்லாத இரும்புக் கத்தியைக் கொஞ்ச நேரம் முக்கிப் பாருங்கள், செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்க வேண்டும். அன்றன்று கலக்கி அன்றே தீர்த்துவிடுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்கு மழை வலுத்துவிட்டால் பூசியதெல்லாம் கழுவிப் போகும், அதற்கு முன்னால் முடிப்பது நல்லது. களைக்கொல்லியை ஊசி போட்டுக் கொல்லலாம் என்று யாராவது சொன்னால் நான் செய்ய மாட்டேன், அது போகிற குழாயும் மரத்தின் குழாய்தானே.

இன்னொன்று, புல்லுருவியைப் பரப்புவது மலர்கொத்தி என்கிற குருவி, சிட்டுக்குருவியைவிடச் சின்னது. புல்லுருவிப் பழத்தைத் தின்று, பசை ஒட்டிய விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும், அங்கேயே முளைக்கும். அதனால் அந்தப் பழம் பழுப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். வேலியோரத்து வேம்பு, புங்கன், வீட்டுக் கொய்யா, சப்போட்டா எல்லாவற்றையும் பாருங்கள், அவற்றிலும் வரும். பக்கத்துத் தோப்புக்காரரையும் அதே வாரத்தில் எடுக்கச் சொல்லுங்கள், ஏணியையும் ஆளையும் பங்கு போட்டுக்கொண்டால் கூலியும் குறையும். அறுத்த இலையை ஆடுகளுக்குப் போட்டால் விரும்பித் தின்னும்.