ஏற்காடு இறக்கமும் என் காரின் பிரேக்கும்

ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி தாண்டியதும் என் ஸ்போர்ட்ஸ் காரின் பிரேக் மிதி மெத்தென்று உள்ளே போனது. ஓரங்கட்டி ஆறவிட்ட பிறகுதான் மெதுவாக இறங்கினேன். பேடும் டிஸ்க்கும் நன்றாகவே இருந்தன. பழசாகியிருந்தது பிரேக் ஆயில்தான். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 (பிரேக் ஆயிலில் ஒரு தரம்) புதிதில் 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காது; ஈரம் ஏறினால் அந்த அளவு 155 வரை இறங்கலாம். கொதித்துக் கிளம்பும் ஆவிக்குமிழி, மிதிக்கிற அழுத்தத்தை விழுங்கிவிடும்.

அஸ்தம்பட்டி மெக்கானிக் அண்ணன் மிதியை அழுத்திப் பிடிக்க, நான் நான்கு சக்கரத்திலும் நிப்பிளை, அதாவது ஆயில் வடிக்கும் சின்னத் திருகைத் திறந்து, குமிழி நின்று தெளிந்த புது ஆயில் வரும்வரை பழசை வடித்தேன். சீல் உடைக்காத புது ஆயில் டப்பாதான் வேண்டும். பெயின்ட்டில் சொட்டினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், அரித்துவிடும்.

அப்புறம் இரண்டாம் கியரிலேயே இறங்கிப் பார்த்தேன். மிதி கல் மாதிரி நின்றது, ஒவ்வொரு வளைவிலும் வண்டி சொன்னபடி கேட்டது. அந்தச் சுகத்துக்காகத்தானே இதை வைத்திருக்கிறேன்!