அடுத்தவர் வகுப்பில் ஒரு நாள்: பதில் ஆசிரியர்களுக்கான செய்முறை விளக்கம்

பயிற்சி, தேர்தல் பணி, உடல்நலக் குறைவு, பேறுகால விடுப்பு என்று ஏதோ ஒரு காரணத்தால் ஓர் ஆசிரியர் வராத நாளில், அவருடைய வகுப்பை இன்னொருவர் பார்த்துக்கொள்ள நேர்கிறது. தமிழ்நாட்டில் அரசுப் பணியிலுள்ள பெண்களுக்குப் பேறுகால விடுப்பு 2021 முதல் 12 மாதங்களாக உயர்த்தப்பட்டிருப்பதால், ஒரு வகுப்பு ஏறக்குறைய ஒரு கல்வியாண்டு முழுவதும்கூட வேறொருவர் பொறுப்பில் இருக்கலாம். வட சென்னையின் ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பகுதிகளில் பல ஆண்டுகள் பதில் ஆசிரியராகச் சென்று வந்தவள் என்ற முறையில், முதன்முறையாக இப்பணிக்குச் செல்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழக்கமில்லாத வகுப்பில் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை பாடம் தெரியாததால் வருவன அல்ல. அந்த வகுப்பின் நடைமுறை தெரியாததால் வருவன.

என் முதல் ஆண்டில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். ரயில் பாதையை ஒட்டிய ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குச் சென்றிருந்தேன். கரும்பலகையின் வலது மூலையில் ஏழெட்டு எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருந்தன. பழைய கணக்கு என்று எண்ணி, வந்தவுடன் அழித்துவிட்டேன். கழித்தல் நடத்திக்கொண்டிருந்தபோது சரக்கு ரயில் ஒன்று வந்தது. வகுப்பு முழுவதும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பியது. நான் ரயில் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, எல்லோரையும் திரும்பச் சொல்லிக் கடிந்துகொண்டேன். இரண்டாம் வரிசையில் இருந்த ஒரு சிறுமி மட்டும் உதடுகள் அசைய ஜன்னலையே பார்த்தாள். அவளருகில் சென்று மேசையைத் தட்டியதும் அவள் கண்கள் நிறைந்துவிட்டன. "எண்றது விட்டுப்போச்சு மிஸ்" என்றாள். ரயில் போகும்போது யார் பேசினாலும் கேட்காது என்பதால், அந்த நேரத்தில் பெட்டிகளை எண்ண வேண்டும், பிறகு அந்த எண்ணைப் பலகையின் மூலையில் எழுதி முந்தைய நாள் எண்ணோடு ஒப்பிட்டுக் கழிக்க வேண்டும் என்று அவர்களுடைய ஆசிரியர் பழக்கியிருந்தார். அன்று நான் ஒழுங்கீனம் என்று நினைத்தது அந்த வகுப்பிலேயே மிகச் சிறந்த ஒழுங்கு.

அதற்குப் பிறகு நான் கடைப்பிடித்துவரும் முறையைப் படிப்படியாகத் தருகிறேன்.

முதல் படி: மணி அடிப்பதற்கு முன்

குறைந்தது அரை மணி நேரம் முன்னதாகப் பள்ளிக்குச் சென்றுவிடுங்கள். தலைமை ஆசிரியரிடம் வருகைப் பதிவேட்டையும் கால அட்டவணையையும் வாங்கிக்கொண்டு, செயலியில் வருகையை யார் பதிவது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். உண்மையான உதவி பெரும்பாலும் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடமிருந்தே கிடைக்கும். வகுப்பை அமைதிப்படுத்த விடுப்பிலுள்ள ஆசிரியர் என்ன செய்வார், கழிப்பறைக்கு எப்படி அனுப்புவார், எந்தக் குழந்தைக்கு உடல்நலப் பிரச்சினை உண்டு, தாமதமாக வரும் குழந்தைகள் யார், மாலையில் யார் யாரோடு வீட்டுக்குப் போவார்கள் ஆகிய ஐந்தையும் அவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

தாமதமாக வருபவர்களைப் பற்றி முன்கூட்டியே அறிவது ஏன் முக்கியம் என்றால், காசிமேட்டுப் பக்கம் விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளில் சிலர், தம்பி தங்கையைத் தயார் செய்துவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்ப முடியும். அவர்கள் சத்தமில்லாமல் பின்வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்ள வகுப்பாசிரியர் ஏற்கெனவே அனுமதி தந்திருக்கலாம். அதை அறியாமல் வாசலில் நிறுத்தி விசாரித்தால், அந்தக் குழந்தை அன்று முழுவதும் வாய் திறக்காது. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் முதல் மாநிலத்தின் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்திருப்பதால், பல குழந்தைகள் மணி அடிக்கும் முன்பே பள்ளியில் இருப்பார்கள். தட்டு கழுவி வைப்பது முதல் வரிசையில் நிற்பது வரை அந்த வேளைக்கும் தனி ஒழுங்கு உண்டு; அதை ஓரமாக நின்று பாருங்கள்.

பிறகு காலியான வகுப்பறையைச் சுற்றி வாருங்கள். பழைய மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில், குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரின் அடிப்பகுதி நெடுகக் கரும்பலகை ஓடுவதைக் காணலாம். 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல் காலத்தின் அடையாளம் அது. அந்தப் பலகையில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனி இடம் ஒதுக்கப்பட்டிருந்தால் அதை மாற்றாதீர்கள். பலகையில் ஏற்கெனவே எழுதியிருப்பது எதையும், அது என்னவென்று குழந்தைகளிடம் கேட்காமல் அழிக்காதீர்கள். இதை நான் மிகுந்த வருத்தத்தோடுதான் கற்றுக்கொண்டேன்.

இரண்டாம் படி: முதல் பத்து நிமிடங்கள்

வணக்கம் சொல்லி, உங்கள் பெயரைப் பலகையில் எழுதி, அவர்களுடைய ஆசிரியர் எப்போது திரும்பி வருவார் என்பதைத் தெரிந்தவரை உண்மையாகச் சொல்லுங்கள். சிறு குழந்தைகளுக்குத் தங்கள் மிஸ் வராதது ஒரு கவலை. அந்தக் கவலை தீராமல் பாடம் உள்ளே போகாது.

அடுத்து அவர்களுடைய நடைமுறையை அவர்களிடமே கேளுங்கள். ஆனால் "உங்க மிஸ் எப்படிச் செய்வாங்க?" என்று பொதுவாகக் கேட்டால் ஒரே நேரத்தில் நாற்பது பதில்கள் வரும், அதில் பாதி அவர்களின் விருப்பமாக இருக்கும். ஒரு குழந்தையை எழுப்பி, ஒரே ஒரு செயலைப் பற்றி மட்டும் கேளுங்கள். நோட்டுகளை யார் சேகரிப்பார்கள் என்று ஒருத்தியிடமும், தண்ணீர் குடிக்க எப்போது போவீர்கள் என்று மற்றொருவனிடமும் கேட்டுவிட்டு, வேறொரு மூலையில் இருக்கும் மூன்றாவது குழந்தையிடம் "சரியா?" என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். வழக்கமாகப் பேசாத குழந்தைகள் இந்தக் கேள்விகளுக்குத் துல்லியமாகப் பதில் சொல்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் படி: அவர்களுடைய சைகையைக் கையில் எடுப்பது

எல்லா வகுப்பிலும் அமைதிக்கான ஒரு சைகை உண்டு. சில ஆசிரியர்கள் கையை உயர்த்தி நிற்பார்கள். சிலர் இரண்டு முறை கைதட்ட, குழந்தைகள் மூன்று முறை தட்டிப் பதில் தருவார்கள். சிலர் ஒரு பாட்டின் முதல் வரியைத் தொடங்குவார்கள். உங்களுக்குப் பிடித்த சைகையைக் கற்றுக்கொடுக்க ஒரு நாள் போதாது. அவர்களுடைய சைகையைக் கற்றுக்கொள்ள உங்களுக்கு ஒரு நிமிடம் போதும். ஒரு குழந்தையை முன்னால் வரவழைத்து, அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் செய்து, வகுப்பு சரியாகப் பதில் தருகிறதா என்று பாருங்கள். சைகை காட்டியபின் கடைசிக் குழந்தையும் அமைதியாகும்வரை பேசத் தொடங்காதீர்கள். பாதி அமைதியில் பேசத் தொடங்கினால், அந்தச் சைகை அன்றைக்கு அதோடு முடிந்தது.

வகுப்பறை ஒழுங்கைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின் 1970இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுகொள்ளத் தக்கது. வகுப்புகளைக் காணொளியாகப் பதிவுசெய்து ஆராய்ந்த அவர், தவறு நடந்தபின் ஆசிரியர் எப்படிக் கண்டித்தார் என்பதில் நல்ல வகுப்புக்கும் கலைந்த வகுப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று கண்டார். அறையின் எல்லா மூலைகளிலும் நடப்பது ஆசிரியருக்குத் தெரிகிறது என்று மாணவர்கள் உணர்வதும், ஒரு செயலிலிருந்து அடுத்த செயலுக்குத் தடங்கலின்றி நகர்வதுமே வேறுபாட்டை உண்டாக்கின. ஆகவே நாற்காலியில் அமராதீர்கள். பலகையில் எழுதும்போதுகூட முழு முதுகையும் வகுப்புக்குக் காட்டாமல் பக்கவாட்டில் நின்று எழுதப் பழகுங்கள்.

நான்காம் படி: பாடம்

தொடக்க வகுப்புகளில் 2022 முதல் நடைமுறையில் உள்ள எண்ணும் எழுத்தும் திட்டத்தில், குழந்தைகள் கற்றல் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கப்படுகிறார்கள். ஒரே அறையில் சிலர் எழுத்தையும், சிலர் சொல்லையும், சிலர் பத்தியையும் படித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கும் புதியவருக்கு அது குழப்பமாகத் தோன்றும். எல்லோரையும் முன்னோக்கித் திருப்பி ஒரே பாடத்தை நடத்தும் ஆசையை அடக்கிக்கொண்டு, எந்தக் குழு எங்கே உட்காரும், எந்தப் பயிற்சி நூலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துத் தொடருங்கள். ஓரிரு நாட்களுக்குத்தான் வந்திருக்கிறீர்கள் என்றால் புதிய பாடம் எதையும் தொடங்காமல், நடத்திய பாடத்தில் பயிற்சி கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

கேள்வி கேட்டபின் மனத்துக்குள் மூன்று வரை எண்ணுங்கள். ஆசிரியர்கள் பொதுவாக ஒரு விநாடிக்கு மேல் காத்திருப்பதில்லை என்பதையும், அதை மூன்று விநாடிகளாக்கினால் பதில்கள் நீள்வதோடு அதிகக் குழந்தைகள் பங்கேற்கிறார்கள் என்பதையும் அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களிலேயே எடுத்துக்காட்டினார். முன்பின் தெரியாத ஆசிரியருக்குப் பதில் சொல்லத் தயங்கும் குழந்தைக்கு அந்த மூன்று விநாடிகள் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகின்றன.

ஒழுங்கு மீறலைப் பற்றி நீட்டிச் சொல்ல அவசியமில்லை. அடிப்பதும் மனம் நோகப் பேசுவதும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி தடைசெய்யப்பட்டவை. அருகில் சென்று நிற்பது, பெயரைத் தாழ்ந்த குரலில் சொல்வது, கையில் ஒரு வேலையைக் கொடுப்பது ஆகிய மூன்றிலேயே பெரும்பாலானவை அடங்கிவிடும். "உங்க மிஸ் வரட்டும், சொல்றேன்" என்று மட்டும் பயமுறுத்தாதீர்கள். அப்படிச் சொன்னால், அந்த அறையில் உங்களுக்குப் பொறுப்பு இல்லை என்பதை நீங்களே அறிவித்தவராவீர்கள்.

ஐந்தாம் படி: பள்ளி விடும் நேரம்

பதில் ஆசிரியர் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய கால் மணி நேரம் இதுதான். கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடும் சாலைகளையும் ரயில்வே கேட்டுகளையும் கடந்து வீடு திரும்பும் பிள்ளைகள் இவர்கள். வகுப்பாசிரியருக்கு ஒவ்வொரு பாட்டியின் முகமும், ஒவ்வொரு ஆட்டோக்காரரின் முகமும் தெரியும். உங்களுக்கு யாரையும் தெரியாது. காலையில் எழுதிய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நில்லுங்கள். ஐந்தாம் வகுப்பு அக்காவோடு போகும் தம்பியை அக்கா வரும்வரை அனுப்பாதீர்கள். பட்டியலில் இல்லாத ஒருவர் வந்து, "நான் மாமாதான் டீச்சர்" என்று சொன்னால், குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்தாலும், தலைமை ஆசிரியர் வழியாகப் பெற்றோருக்குத் தொலைபேசியில் பேசி உறுதிசெய்த பிறகே அனுப்புங்கள். அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஆறாம் படி: எழுதி வைத்துவிட்டு வருவது

வகுப்பை விட்டுப் புறப்படும் முன் அரைப் பக்கக் குறிப்பு ஒன்று எழுதி, வருகைப் பதிவேட்டுக்குள் வைத்துவிடுங்கள். யார் வரவில்லை, எந்தக் குழு எந்தப் பக்கம்வரை முடித்தது, யாருக்கு உடல்நலம் சரியில்லாமல் இருந்தது, யார் உங்களுக்கு உதவினார்கள் என்பவற்றைப் பெயரோடு எழுதுங்கள். புகார்களை எழுதுவதாக இருந்தால் நடந்ததை மட்டும் எழுதி, உங்கள் முடிவுகளைத் தவிர்த்துவிடுங்கள். நீங்கள் செய்த தவறையும் மறைக்காமல் எழுதுங்கள். திரும்பி வரும் ஆசிரியர் குழந்தைகள் சொல்லி அதை அறிவதைவிட உங்கள் கையெழுத்தில் அறிவதே முறை.

அந்த மூன்றாம் வகுப்பில் நான் எழுதி வைத்த குறிப்பின் கடைசி வரிகள் இவை: "இன்று இரண்டு சரக்கு ரயில்கள் வந்தன. முதலாவதை என் தவறால் முழுமையாக எண்ண முடியவில்லை. இரண்டாவதில் 41 பெட்டிகள். பலகையில் இருந்த எண்களைத் தெரியாமல் அழித்துவிட்டேன். பிள்ளைகள் நினைவிலிருந்து சொன்னவற்றை அதே மூலையில் மீண்டும் எழுதியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை எண்ணில் மட்டும் இருவருக்குள் கருத்து வேறுபாடு இருப்பதால், இரண்டு எண்களையும் எழுதியுள்ளேன்."