ரேடியோ செத்துப்போனா பிரச்சனை சின்னது, பாதி கேட்டாதான் பெருசு

ஃப்ளையிங் கத்துக்கற பசங்ககிட்ட "ரேடியோ ஃபெயில் ஆனா என்ன பண்ணுவீங்க"ன்னு கேட்டா யோசிக்காம "7600 போடுவேன்"னு சொல்லுவாங்க (ரேடார்ல நம்மளைக் காட்டற டிரான்ஸ்பாண்டர் கருவில "ரேடியோ போச்சு"ங்கறதுக்கான கோட் அது), ஏன்னா எக்ஸாமுக்கு அப்படித்தான் மனப்பாடம் பண்ணியிருக்காங்க. தப்பில்ல, ஆனா அது முதல் வேலை இல்ல. முதல்ல பிளேனை ஒழுங்கா பறக்க வைங்க, அப்புறம் பொறுமையா கையை நீட்டி ஒவ்வொண்ணா பாருங்க, நிறைய நேரம் ரேடியோ நல்லாத்தான் இருக்கும், நம்ம கைதான் எதையாவது தட்டி விட்டிருக்கும்.

வால்யூம் குறைஞ்சிருக்கான்னு பாருங்க. ஸ்குவெல்ச்சை, அதாவது சும்மா வர்ற இரைச்சலை அடக்கி வெக்கற கட்டுப்பாட்டைத் திறந்து விடுங்க, "ஸ்ஸ்ஸ்"னு இரைச்சல் வந்தா ரிசீவர் உயிரோட இருக்கு. அடுத்து ஹெட்செட் ஜாக். செஸ்னா 172 மாதிரி சின்ன பிளேன்ல ரெண்டு பின் இருக்கும், தடிமனா இருக்கறது கேக்கறதுக்கு, கொஞ்சம் ஒல்லியா இருக்கறது மைக்குக்கு, பக்கத்து சீட்ல இருக்கறவர் முட்டி பட்டு மைக் பின் அரை இஞ்ச் வெளிய வந்திருந்தா உங்களுக்கு எல்லாம் கேக்கும், நீங்க பேசறது மட்டும் எங்கயும் போகாது. ஆடியோ பேனல்ல மைக் ரெண்டாவது ரேடியோவுல செலக்ட் ஆகியிருக்கான்னும் பாத்துடுங்க. இதெல்லாம் சரின்னா ஃப்ரீக்வென்சி தப்பா போட்டிருப்பீங்க, பழைய ஃப்ரீக்வென்சிக்கே திரும்பிப் போய் கேளுங்க, அங்க இருக்கற கன்ட்ரோலர் திட்டமாட்டார், நம்பரை இன்னொரு தடவை சொல்லுவார், அவ்வளவுதான்.

இன்னொண்ணு ஸ்டக் மைக், அதாவது பேசற பட்டன் அமுங்கின மாதிரியே ஒட்டிக்கறது. பட்டனை விட்டப்புறமும் ரேடியோ டிஸ்ப்ளேல டிரான்ஸ்மிட் அடையாளம் எரிஞ்சுட்டே இருந்தா நீங்க ஊமையாகல, ஊர் வாயையே அடைச்சிட்டு இருக்கீங்க. அந்த ஃப்ரீக்வென்சில இருக்கற யாராலயும் பேச முடியாது, நீங்க இன்ஸ்ட்ரக்டர்கிட்ட புலம்பறது மட்டும் எல்லாருக்கும் தெளிவா கேக்கும். உடனே மைக் பின்னைப் பிடுங்குங்க, அப்பவும் அந்த அடையாளம் எரிஞ்சுட்டே இருந்தா அந்த ரேடியோவையே அணைச்சிடுங்க.

எதுவும் வேலைக்காகலன்னா அப்போ 7600. கேக்குது ஆனா பேச முடியலன்னா ஏடிசி (கீழ இருந்து வழி சொல்ற கன்ட்ரோலருங்க) "கேட்டா ஐடென்ட் அடி"ன்னு சொல்லுவாங்க, டிரான்ஸ்பாண்டர்ல அந்த பட்டனை அமுக்கினா அவங்க ஸ்க்ரீன்ல தெரியும். பேச முடியுதா இல்லையான்னே தெரியலன்னா "டிரான்ஸ்மிட்டிங் பிளைண்ட்"னு ஆரம்பிச்சு எங்க இருக்கீங்க, எவ்ளோ உயரம், என்ன பண்ணப் போறீங்கன்னு ரெண்டு தடவை சொல்லுங்க. வெளிய தெளிவா தெரியுதுன்னா மேகத்துக்குள்ள போகாம பக்கத்துல இருக்கற சரியான ஏர்போர்ட்ல இறங்குங்க, டவர் லைட்டைப் பாத்துட்டே வாங்க. விடாம எரியற பச்சைன்னா இறங்கலாம், விடாம எரியற சிவப்புன்னா வழி விட்டு சுத்திட்டு இரு, மின்னற சிவப்புன்னா ஏர்போர்ட் சேஃப் இல்ல, இறங்காதே, மின்னற பச்சைன்னா இறங்கறதுக்கு திரும்பி வா. பகல்ல இறக்கையை ஆட்டியும் ராத்திரில லேண்டிங் லைட்டை ரெண்டு தடவை அணைச்சுப் போட்டும் புரிஞ்சுதுன்னு காட்டலாம். மேகத்துக்குள்ள இருந்தா ஐகாவோ (சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு) முறைப்படி ஏடிசி கடைசியா சொன்ன ஸ்பீடு, உயரத்துலயே ரேடார் இருக்கற இடத்துல 7 நிமிஷம், இல்லாத இடத்துல 20 நிமிஷம், அப்புறம் ஃப்ளைட் பிளான் படி. நாட்டுக்கு நாடு இது மாறும், அமெரிக்காவுல கணக்கே வேற, போற ஊரோட ரூல்ஸைப் படிச்சுட்டுப் போங்க.

பெரிய பிளேன்லயும் இந்தக் கூத்து நடக்கும். 2017 பிப்ரவரில மும்பைலேருந்து லண்டன் போன ஜெட் ஏர்வேஸ் 777 ஜெர்மனி மேல தொடர்பு விட்டுப்போய், அந்த நாட்டு ஃபைட்டர் ஜெட்டுங்க பக்கத்துலயே வந்து பாத்துச்சு. அதனால ரெண்டாவது ரேடியோல 121.5ங்கற அவசர ஃப்ரீக்வென்சி எப்பவும் ஓடட்டும், ரொம்ப நேரம் ஒரு சத்தமும் வரலன்னா நீங்களே ஒரு ரேடியோ செக் கேளுங்க.

இவ்வளவும் சொன்னாலும், மொத்தமா செத்துப்போன ரேடியோவுக்கு நான் பயப்பட மாட்டேன். ரெண்டு பக்கமும் ஏதோ நடக்குதுன்னு தெரியும், உஷாராயிடுவாங்க. பாதி கேட்டு, மீதியை மனசே நிரப்பிக்கறதுதான் ஆளைக் கொல்லும். 1977 மார்ச் 27, ஸ்பெயினோட டெனரிஃப் தீவு, பனிமூட்டம். கேஎல்எம் பிளேன் "டேக்ஆஃப்ல இருக்கோம்"ங்கற மாதிரி ஒண்ணு சொல்லுது, டவர் "ஓகே"ன்னு சொல்லி சின்ன இடைவெளி விட்டு "நில்லுங்க, கூப்பிடறேன்"ங்குது, அதே நேரம் பான் ஆம் "நாங்க இன்னும் ரன்வேலதான் இருக்கோம்"னு பேச, ரெண்டு பேர் பேச்சும் மோதி கேஎல்எம் காக்பிட்ல கிறீச்னு ஒரு சத்தம். தெளிவா கேட்டது அந்த "ஓகே" மட்டும்தான். கேஎல்எம் ஓடிப்போய் பான் ஆம் மேல மோதி 583 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம்தான் டேக்ஆஃப்ங்கற வார்த்தையை கிளியரன்ஸ் குடுக்கவோ ரத்து பண்ணவோ மட்டும்தான் சொல்லணும், மத்த நேரம் டிபார்ச்சர்னு வெச்சாங்க. நீங்க செய்ய வேண்டியது, கிறீச் கேட்டா "பிளாக்ட்"னு சொல்லி திரும்பக் கேளுங்க, என்ன சொல்லியிருப்பாங்கன்னு ஊகிக்காதீங்க.

அடுத்து ரீட்பேக், அதாவது கன்ட்ரோலர் சொன்னதை நாம திருப்பிச் சொல்றது. 1989 பிப்ரவரில கோலாலம்பூர் சுபாங்ல இறங்க வந்த ஃப்ளையிங் டைகர் சரக்கு 747க்கு கன்ட்ரோலர் "டிசென்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ"ன்னார், அவர் நினைச்சது 2400 அடி, அந்த "டூ"வை பைலட்டுங்க ரெண்டுங்கற நம்பரா எடுத்துக்கல, 400 அடி"க்கு"ன்னு எடுத்துக்கிட்டாங்க, "ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ"ன்னு திருப்பிச் சொன்னாங்க. திருப்பிச் சொன்னதுல தப்பு அப்படியே பல்லைக் காட்டுது, கன்ட்ரோலர் பிடிக்கல, பிளேன் மலைல மோதி நாலு பேரும் போயிட்டாங்க. அதனால ரீட்பேக் சொன்னதும் அடுத்த வேலைக்குத் தாவாம ஒரு செகண்ட் காதைக் குடுங்க, ஆனா அவங்க பேசாம இருந்தாலே சரின்னு அர்த்தம்னு எடுத்துக்காதீங்க, உயரம் உதைச்சா திரும்பக் கேளுங்க. உயரம், ஹெடிங் (போற திசை), ரன்வே, அல்டிமீட்டர் (உயரம் காட்டற மீட்டர்) செட்டிங், ஹோல்ட் ஷார்ட் (ரன்வேக்கு முன்னாடியே நில்லுங்கறது) இதெல்லாம் கால்சைனோட, அதாவது உங்க பிளேனோட கூப்பிடற பேரோட முழுசா திருப்பிச் சொல்லணும், வெறும் "ரோஜர்" போட்டு மழுப்பற ஆளைக் கண்டா எனக்கு எரிச்சலா வரும்.

எதிர்பாத்துட்டே இருந்த வார்த்தை காதுல விழுந்தா இன்னும் மோசம். 2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடால கோஸ்ட் கார்ட் பிளேனுக்கு "நம்பர் ஒன், ஹோல்டிங் பாயின்ட் சி5க்குப் போங்க"ன்னாங்க, வரிசைல முதல், ரன்வேக்கு முன்னாடி இருக்கற கோட்டுல நில்லுங்கன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம். அவங்க ரன்வேக்குள்ளயே போய் நின்னாங்க, இறங்கிட்டிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 மேல மோதிடுச்சு. கோஸ்ட் கார்ட்ல 5 பேர் செத்தாங்க, ஏ350ல இருந்த 379 பேரும் தப்பிச்சாங்க. "லைன் அப்" (ரன்வேல ஏறி நில்லு) இல்லாட்டி "கிளியர்ட் ஃபார் டேக்ஆஃப்"னு காதுல விழாம கோட்டைத் தாண்டாதீங்க, சந்தேகம்னா நின்ன இடத்துலயே "கன்ஃபர்ம்"னு கேளுங்க.

கடைசியா, வெக்கப்பட்டு மென்னு முழுங்கறது. 1990ல நியூயார்க்ல அவியான்கா 52 "ஃப்யூயல் தீந்துட்டு இருக்கு"ன்னு சொல்லுச்சு, "பிரையாரிட்டி"ன்னு கேட்டுச்சு, எமர்ஜென்சின்னு ஒரு தடவை கூட சொல்லல, சாதாரண டிராஃபிக் மாதிரியே கையாண்டாங்க, 73 பேர் செத்தாங்க. இனிமே லேட்டானா ரிசர்வ்ல (கடைசி அவசரத்துக்குன்னு வெச்சிருக்கற ஃப்யூயல்) கை வெக்கணும்னா "மினிமம் ஃப்யூயல்", இறங்கும்போது ரிசர்வுக்குக் கீழ போயிடும்னா "மேடே மேடே மேடே ஃப்யூயல்", இந்த வார்த்தைங்களையே சொல்லுங்க, சுத்தி வளைக்காதீங்க. சொன்னப்புறம் நிலைமை சரியாயிட்டா "கேன்சல் டிஸ்ட்ரெஸ்"னு சொல்லிக்கலாம், அதுக்கும் வழி இருக்கு.