பூனையில் தொடங்கி புலி வரை

குழந்தைக்குப் பூனை வகைகளைச் சொல்லித்தர நினைத்தால் பெயர்ப் பட்டியலில் தொடங்காதீர்கள். கண்ணில் தொடங்குங்கள். நல்ல வெளிச்சத்தில் வீட்டுப் பூனையின் கண்மணி செங்குத்துக் கோடாகச் சுருங்கும். புலிக்கும் சிங்கத்துக்கும் வட்டமாகவே சிறுக்கும். இரண்டு படங்களையும் அருகருகே வைத்து, "என்ன வித்தியாசம்?" என்று மட்டும் கேளுங்கள். அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

வீட்டு இனங்களில் முதலில் மூன்று போதும்: நீள்முடி பெர்சியன், முடியே இல்லாததுபோல் தெரியும் ஸ்பிங்ஸ், அப்புறம் சயாமீஸ். சயாமீஸ்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அதன் குட்டிகள் ஏறக்குறைய வெள்ளையாகப் பிறக்கும். வளர வளர, உடலில் சூடு குறைந்த இடங்களான காது, முகம், பாதம், வால் மட்டும் கருக்கும். குழந்தைகள் இதை மறப்பதே இல்லை.

காட்டு வகைகளில் குழப்பம் தருவது சிறுத்தையும் (லெப்பர்ட்) சிவிங்கியும் (சீட்டா). பலர் இரண்டையுமே சிறுத்தை என்கிறோம். கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர் வழிந்ததுபோல் கருங்கோடு இருந்தால் அது சிவிங்கி. உடம்பில் தனித்தனிக் கறுப்புப் பொட்டுகள். சிறுத்தைக்குப் பூப்போன்ற வளையங்கள். சிவிங்கி கர்ஜிக்காது, வீட்டுப் பூனைபோல 'குர்ர்' என்று உறுமும் என்பதையும் சொல்லுங்கள், நடித்துக் காட்டுவார்கள்!

அளவைப் புரியவைக்க எடையைச் சொல்லலாம். துருப்புள்ளிப் பூனை என்ற குட்டிக் காட்டுப் பூனை பெரும்பாலும் 1.5 கிலோவுக்குள்தான், பெரிய ஆண் புலி 200 கிலோவைத் தாண்டும்.

நிஜப் பூனையிடம் போகும்போது, முதலில் விரலை நீட்டி அது முகர்ந்து பார்க்க விடச் சொல்லுங்கள். காதைப் பின்னால் மடக்கினாலோ வாலை வேகமாக அடித்தாலோ, சரி, இன்றைக்குத் தொட வேண்டாம்.